ஹிந்த் மதுரை எழுத்துருவுடன் ஏழு ஆண்டுகள்

திருநகரில் வீட்டு மாடியறையில் அமர்ந்து, கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் இணையதளம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். 2018இல் ஹிந்த் மதுரை எழுத்துருவை முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தபோது, அதன் பெயரைத் தவிர வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துரு இருக்கிறது, அதற்குக் கட்டணமும் இல்லை என்று சொன்னால் மதுரைக்காரர் மறுப்பாரா? அகமதாபாத்தில் இயங்கும் இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி என்ற எழுத்துரு நிறுவனம், ஹிந்த் எழுத்துருக் குடும்பத்தில் தெலுங்குக்குக் குண்டூர், வங்காளத்துக்குச் சிலிகுரி, குஜராத்திக்கு வதோதரா என்று ஊர்ப் பெயர்களைச் சூட்டியபோது, தமிழுக்கு மதுரையைத் தேர்ந்தது. திறந்த உரிமத்தில் வெளியானதால் வணிகத் தளங்களிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

மெலிந்தது முதல் தடித்தது வரை இதில் 5 தடிமன்கள் உண்டு. பக்கம் விரைவாகத் திறக்க வேண்டும் என்ற கவலையில், தொடக்கத்தில் நான் சாதாரணத் தடிமனை மட்டும் ஏற்றிவிட்டுத் தலைப்புகளைத் தடித்துக் காட்டுமாறு உலாவியிடம் விட்டுவிட்டேன். ஏற்றாத தடிமனைக் கேட்டால் உலாவி இருப்பதையே பூசிப் பெருக்கிக் காட்டும். ஆங்கிலத்தில் அது பெரிதாகத் தெரியாது, தமிழில் ண, ஞ போன்ற சுழியெழுத்துகளின் உள்வெளி அடைபட்டுப்போகும். பல் மருத்துவர் ஒருவர் தம் முகவரியைச் சுட்டிக்காட்டி, “அண்ணா நகர்னு போட்டது மை கொட்டுன மாதிரி இருக்கே, தம்பி” என்றார். எழுத்துருவின் குறை என்று ஓராண்டு சாதித்துக்கொண்டிருந்தேன். குறை என் கணக்கில்தான் இருந்தது. இப்போது தேவையான இரண்டு தடிமன்களை முறையாக ஏற்றுகிறேன். உலாவி தானாகத் தடிமனாக்குவதையும் சாய்ப்பதையும் தடுத்துவிடுகிறேன். இந்த எழுத்துருவில் சாய்வு வடிவம் கிடையாது. தமிழுக்கு அது தேவை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தை வியாபாரி ஒருவருக்கு அன்றாட விலைப் பக்கம் செய்து கொடுத்த அனுபவம்தான் இந்த ஏழு ஆண்டுகளில் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. மிக மெல்லிய தடிமனில், 14 பிக்சல் அளவில், இளஞ்சாம்பல் நிறத்தில் பூக்களின் பெயர்களை அடுக்கியிருந்தேன்; என் பெரிய திரையில் அது கல்யாணப் பத்திரிகை போல நேர்த்தியாகத் தெரிந்தது. வெயிலில் நின்று பழைய கைப்பேசியில் பார்த்தபோதோ புள்ளிகள் எல்லாம் காணாமல்போய், மல்லி ‘மலலி’யாகவும் முல்லை ‘முலலை’யாகவும் நின்றன. ஓலையில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள், படிப்பவர்களும் இடம்பார்த்துப் புரிந்துகொண்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சந்தையில் தராசுக்கு முன்னால் நிற்பவரிடம் அந்தச் சமாதானம் எடுபடாது. நடுத்தடிமனுக்கு மாறி, அளவை 18 பிக்சலாக்கி, நிறத்தைக் கருமையாக்கிய பிறகே புள்ளிகள் திரும்பி வந்தன.

வரி இடைவெளியிலும் இதே பாடம்தான். ஆங்கிலப் பழக்கத்தில் எழுத்தளவைப் போல 1.4 மடங்கு வைத்தால், மேல்வரியில் கீழே இறங்கும் ‘கூ’, ‘மூ’, ‘து’ ஆகியவை கீழ்வரியில் மேலே ஏறும் ‘கீ’, ‘மி’ ஆகியவற்றின் தலையில் வந்து முட்டுகின்றன. 1.7 மடங்குக்குக் குறைவாக இப்போது நான் வைப்பதில்லை. பக்கம் நீள்கிறது என்று சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள்; நீளட்டும்.

மாசி வீதியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் பெரியவர் எழுப்பிய கேள்விக்கு மட்டும் இந்த எழுத்துருவில் விடை இல்லை. “எழுத்து நல்லாத்தான் இருக்கு, தம்பி, ஆனா நம்ம போர்டுல இருக்குற ‘லை’ எங்க போச்சு?” என்றார் அவர். அவர் தந்தை காலத்துப் பெயர்ப்பலகையில் ‘சேலை’ என்ற சொல்லின் ஈற்றெழுத்து, யானைத் துதிக்கை போல மேலெழுந்து வளைந்த பழைய வடிவில் தீட்டப்பட்டிருந்தது. 1978இல் தமிழக அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தோடு அவ்வடிவம் அச்சிலிருந்து மெல்ல விலகியது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறையில், ல, ஐகாரக் குறி என்ற இரண்டு குறியீடுகளாகவே ‘லை’ சேமிக்கப்படுகிறது. பழைய வடிவில் காட்டுவதா புதிய வடிவில் காட்டுவதா என்பது எழுத்துரு செய்பவரின் முடிவு. ஹிந்த் மதுரை புதிய வடிவத்தையே காட்டும். ஆகவே பலகையைப் படமெடுத்து, அதன்மேல் கோடு வரைந்து, கடைப் பெயரை மட்டும் ஓவியமாகவே பக்கத்தில் வைத்தேன். அந்த ஓர் எழுத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. அதற்குத் தனிக் கூலி கேட்க மனம் வரவில்லை.

அச்சகங்களிலிருந்து வரும், யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியாக்கத்து உரையை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிவதை எழுத்துருவின் கோளாறு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நீண்ட வாசிப்புக்கு மட்டும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹிந்த் குடும்பமே செயலிகளின் இடைமுகங்களுக்காக, அதாவது பயனர் பார்த்துத் தொடும் திரைகளுக்காக, உருவாக்கப்பட்டது. பட்டியல், படிவம், விலை, பொத்தான் ஆகியவற்றில் அதன் சீரான கோட்டுத் தடிமன் பளிச்சென்று நிற்கிறது. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கும் என் அம்மாவிடம் கொடுத்துச் சோதித்தபோதுகூட, ‘முன்பதிவு செய்க’ என்ற பொத்தான் இரண்டு வரியாக உடைந்ததே தவிர, படிப்பதில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை. அதே எழுத்தில் ஒரு பள்ளியின் ஆண்டு மலர்க் கட்டுரைகளை வைத்தபோது, மூன்றாம் பத்திக்குள் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அந்தக் கட்டுரைகளை, கோட்டில் தடிப்பும் மெலிவும் மாறிவரும் நோட்டோ செரிஃப் தமிழுக்கு மாற்றினேன். அதே தளத்தின் மேற்பட்டியும் சேர்க்கைப் படிவமும் இன்றும் ஹிந்த் மதுரையிலேயே இருக்கின்றன.