கிராணி கணக்கும் மண்டோர் கணக்கும்: ஏசஸ் ஹை ஆட்டத்தில் ஆள் சமன்

ரப்பர் தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், கணக்குப்பிள்ளையான கிராணி எண்ணுவது தலை. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பார்ப்பது மர நிரை. அறுபது பேர் என்று செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் எழுதியதும் கிராணியின் வேலை முடிந்தது. ஐந்தாம் நம்பர் காட்டில் நாற்பது பேர் முட்டிக்கொண்டு நிற்க, ஒன்பதாம் நம்பரில் பால் எடுக்க ஆளில்லாமல் கிடந்தால் அது மண்டோர் பாடு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து ஏசஸ் ஹை என்ற கணினி ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் ஆடிப் பார்த்த எங்கள் ஆறு பேர் அணி கண்ட முடிவு இதுதான்: அந்த ஆட்டத்தில் கிராணி இருக்கிறார், மண்டோர் இல்லை. ஆள் பிரிக்கிற வேலையை ஆடுபவர்களே செய்துகொள்ள வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டெக்சஸில் உள்ள ஹைடெக் கிரியேஷன்ஸ் நடத்தும் இணைய விமானப் போர் ஆட்டம் இது. இப்போது ஓடும் மூன்றாம் பதிப்பு 2016-இல் வந்தது. இரண்டாம் உலகப் போர் விமானங்கள், டாங்கிகள், கப்பல்கள் எல்லாம் உண்டு. ஆனால் ஜெர்மனி, பிரிட்டன் என்று அணி பிரிப்பதில்லை. பிஷப், நைட், ரூக் என்று மூன்று கற்பனை நாடுகள். எந்த நாட்டுக்காரரும் எந்த விமானத்தையும் எடுக்கலாம். முதல் இரண்டு வாரம் இலவசம், அதன் பிறகு மாதம் 14.95 அமெரிக்க டாலர் என்பதுதான் நெடுங்காலமாக இருந்த கணக்கு. நம் காசுக்கு அறுபது எழுபது வெள்ளி. விமானம் ஓட்டும் உணர்வுக்கு அந்தக் காசு தகும். படம் அழகாகத் தெரியவேண்டும் என்பவர்கள் வேறு ஆட்டம் தேடலாம்.

மூன்று நாடு என்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு முனை. இந்த அமைப்பின் நியாயம் கேட்க அழகாக இருக்கும்: ஒருவன் பெருத்தால் மற்ற இருவரும் சேர்ந்து அவனை அடிப்பார்கள், தராசு தானாக நேராகும். நடப்பது தலைகீழ். பெருத்தவனோடு மோதினால் அடி விழும். இளைத்தவனிடம் போனால் விமானத் தளம் கிடைக்கும். ஆகவே பெரிய இரண்டும் சேர்ந்து சின்னதை மேய்கின்றன. யாரும் திட்டம் போடுவதில்லை, தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரிதான்.

இதற்கு ஆட்டம் வைத்திருக்கும் மருந்து ஈ.என்.ஒய். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு மதிப்பெண். சிறந்த விமானத்துக்குக் குறைந்த எண்: போர்க் கடைசியில் வந்த லா-7, ஸ்பிட்ஃபயர் 16 போன்றவை ஐந்தை ஒட்டி நிற்கும், பி-51டி அதற்குச் சற்று மேலே. போர் தொடக்கத்துப் பழைய விமானங்கள் நாற்பதை ஒட்டி. ஒரு நாட்டில் ஆள் கூடினால் அந்த நாட்டுக்கு மட்டும் ஒரு வரம்பு ஏறும். வரம்பு 15 என்றால் 15-க்குக் கீழே உள்ள எதையும் அந்த நாட்டுக்காரர் கொட்டகையிலிருந்து எடுக்க முடியாது. ஆள் வித்தியாசம் கூடக்கூட வரம்பும் ஏறும். இன்னொரு பக்கம், சிறிய நாட்டில் இருப்பவருக்குப் பெர்க் என்னும் பரிசுப் புள்ளி கூடுதலாகச் சேரும். மி 262 போன்று புள்ளி கொடுத்து எடுக்கும் விமானங்களும் அவருக்கு மலிவாகும்.

ஆளைத் தடுக்காமல், வெளியேற்றாமல், ஆயுதத்தை மட்டும் குறைப்பது நல்ல யோசனை. காசு கட்டி வந்தவரை ‘இடமில்லை’ என்று வாசலில் நிறுத்துவதைவிட இது மேல். குறை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். இரவில் 40 பேர் இருக்கிறார்கள்: பிஷப் 18, நைட் 12, ரூக் 10. பிஷப்பின் 18-இல் 14 பேர் ரூக் முனையில் கூட்டமாகப் போகிறார்கள். ரூக் 10-இல் அங்கே நிற்பது 7. அதாவது இரண்டுக்கு ஒன்று. பிஷப்பின் மற்ற முனையில், நைட்டுக்கு எதிரே, மிச்சம் 4 பேர். அந்தப் பக்கம் நைட் 9 பேரை அனுப்பியிருக்கிறது. இப்போது வரம்பு யாருக்கு? பிஷப் நாட்டுக்கு, முழுதாக. ரூக் தளத்தை நெருக்குகிற 14 பேருக்கு அது உறைப்பதில்லை. இரண்டுக்கு ஒன்று என்றால் பழைய ஹரிக்கேனிலும் ஜெயிக்கலாம். ஒன்பது பேருக்கு எதிரே நிற்கிற அந்த நால்வருக்குத்தான் பி-51டி கிடையாது, லா-7 கிடையாது. சிறுபான்மையாக நிற்பவன் பெரும்பான்மைக்கான தண்டனையைச் சுமக்கிறான். செக்ரோலைப் பார்த்து அபராதம் போட்டால் இப்படித்தான் வரும்.

நம் நேரத்துக்கு இது இன்னும் மோசம். டெக்சஸ் இருக்கும் அமெரிக்க மத்திய மண்டல நேரத்துக்கு நாம் கோடையில் 13 மணி, குளிர்காலத்தில் 14 மணி முந்தி. வேலை முடிந்து, சாப்பிட்டு, இரவு 9 மணிக்கு நாம் உட்காரும்போது டெக்சஸில் காலை ஏழு எட்டு. களத்தில் ஆள் குறைந்த நேரம். நூறு பேர் இருக்கும்போது ஐந்து பேர் கூடுதல் என்பது தூசு. முப்பது பேரில் ஐந்து பேர் என்றால் வரம்பு விர்ரென்று ஏறும். ஓர் அணி ஒன்றாக உள்ளே வந்தாலே போதும், எங்கள் ஆறு பேரே அந்த வேலையைச் செய்துவிடுவோம். நிரம்பிய களம் வேண்டுமானால் ஞாயிறு காலை 9 முதல் 12. அங்கே சனி இரவு. ரொட்டி சானாயைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார வேண்டியதுதான்.

ஆட்டத்தில் மண்டோர் இல்லையே தவிர, மண்டோருக்கு வேண்டிய தகவல் வரைபடத்திலேயே இருக்கிறது. வரைபடம் 25 மைல் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பறப்பவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு பச்சைக் கோடும் ஒரு சிவப்புக் கோடும் நீளும். பச்சை நம்மவர், சிவப்பு எதிரி. பெரும்பாலோர் இதைச் சண்டை எங்கே என்று தேடத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது விகிதம். உள்ளே வந்ததும் முதலில் ஆள் பட்டியலில் மூன்று நாட்டு எண்ணிக்கை, அடுத்து இரண்டு முனையிலும் உள்ள கோடுகள், அதற்குப் பிறகுதான் விமானம் தேர்வு. இந்த வரிசை மாறினால் நீங்கள் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுவீர்கள். பச்சைக் கோடு நீளமாக இருக்கும் இடத்தில் கொலை எண்ணிக்கை சுலபம் என்பதால் கை தானாக அங்கே போகும்.

எங்கள் விதி எளிது: பச்சை சிவப்பைவிட ஒன்றரை மடங்கு நீண்டிருந்தால் அந்தக் கட்டத்துக்கு ஒருவரும் போகக்கூடாது. ஆறு பேரில் மூவர் மெலிந்த முனையில் தடுப்பு. இருவர் எதிரி கிளம்புகிற தளத்துக்கு. ஒருவர் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கோபுரத்தில் இருப்பார், தேவைப்பட்டால் தரை வண்டி எடுப்பார். குரல் தொடர்பில் பேச்சு இவ்வளவுதான் இருக்கும்: “அண்ணே, ஏ37 பக்கம் சிவப்பு நீளுது, நம்மாளு ரெண்டு பேருதான்.” “சரி தம்பி, பின்தளத்துலேர்ந்து ஏறு, அங்கேருந்து கிளம்பாதே.”

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். தாக்கப்படும் தளத்திலிருந்தே கிளம்புவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. ஓடுதளத்தில் வேகம் பிடிப்பதற்குள் மேலிருந்து விழுவார்கள். ஒரு கட்டம் பின்னால் உள்ள தளத்திலிருந்து 250 மைல் வேகத்தில் வந்தால் 25 மைலுக்கு 6 நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் உயரமும் கிடைத்துவிடும். தளம் அதற்குள் போய்விடாதா என்றால், போகாது. தளம் கைமாறுவதற்கு முதலில் அதை ஒட்டிய ஊரின் கட்டடங்கள் தகர்ந்து வெள்ளைக்கொடி ஏற வேண்டும். பிறகு 10 துருப்புகள் வரைபட அறைக்குள் நுழைய வேண்டும். அந்தப் பத்துப் பேரைச் சுமந்து வருவது சி-47. மணிக்கு 160 மைல் என்று வைத்தால் ஒரு கட்டத்தைக் கடக்க ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். துப்பாக்கி ஒன்றும் இல்லாத விமானம். எம்3 அரைச்சங்கிலி வண்டியிலும் கொண்டு வரலாம், அது இன்னும் மெதுவு.

ஆக, பதினான்கு பேர் கூட்டத்தை மூவர் அடித்து விரட்ட வேண்டியதில்லை. சி-47 ஒன்றைப் பிடித்தால் போதும். அது தப்பித்துத் துருப்பை இறக்கிவிட்டாலும், பத்தில் ஒருவர் செத்தால் ஒன்பதுதான், கைப்பற்றல் நடக்காது. அதனால்தான் கோபுரத்தில் இருப்பவர் விர்பெல்விண்ட் என்ற விமான எதிர்ப்பு வண்டியைக் கிளப்பி வரைபட அறையைப் பார்த்தபடி நிறுத்துகிறார். எதிரி விவரமானவர் என்றால் இரண்டு சி-47 கொண்டு வருவார். அப்போது வண்டி ஒன்று போதாது, வானில் ஒருவர் தாழ இறங்கியே ஆகவேண்டும்.

எதிரித் தளத்துக்குப் போகிற இருவர் செய்யக்கூடிய தவறு, போர் விமானக் கொட்டகையைக் குறிவைப்பது. ஒன்றுக்கே 1000 பவுண்டுக் குண்டு மூன்று பிடிக்கும். 15 நிமிடத்தில் மீண்டும் எழுந்துவிடும். பெரிய தளத்தில் கொட்டகைகள் பல. இருவரால் ஆகாது. துருப்புகள் தங்கும் பராக்ஸை அடிக்க வேண்டும். பராக்ஸ் எல்லாம் விழுந்தால் அந்தத் தளத்திலிருந்து துருப்பு ஏற்ற முடியாது. கூட்டம் நம் ஊரை இடித்துவிட்டு வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கும். சி-47 அடுத்த தளத்திலிருந்து, இன்னும் ஒரு கட்டம் தள்ளி, வரவேண்டியிருக்கும். ஒரு முனையில் இருவரைக் கொண்டு பத்துப் பேரைப் பயனற்றவர்களாக்க எங்களுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். வெடிகுண்டுக் கிடங்கை அடிப்பதும் நல்லதே, ஆனால் அது குண்டு சுமப்பவர்களை மட்டும்தான் தடுக்கும்.

பெரிய நாட்டில் இருந்து வரம்பு ஏறியிருந்தால்? வரம்பு புதிதாகக் கிளம்புபவருக்குத்தான். ஏற்கெனவே வானில் இருப்பவரைத் தொடாது. எனவே நல்ல விமானம் கையில் இருக்கும்போது இறங்கி ஆட்டத்தை முடிக்காமல், தளத்தில் உள்ள மறுநிரப்பு மேடையில் நிறுத்துங்கள். முப்பது விநாடியில் எரிபொருளும் தோட்டாவும் நிரம்பும், மீண்டும் ஏறலாம். ஆனால் பெற்ற கொலைகளுக்குப் புள்ளி முழுதாகச் சேர்வது பத்திரமாக இறங்கி முடித்தால்தான். பேராசைப்பட்டு நாலாவது தடவை ஏறி அந்தப் புள்ளியை இழப்பவர்கள் உண்டு. மற்றபடி, மதிப்பெண் கூடுதலாக இருந்தும் கடிக்கிற விமானங்களைப் பழகி வைத்திருப்பது நல்லது. ஹரிக்கேன் 2சி நான்கு 20 மி.மீ. பீரங்கி தாங்கும், தளத்தின் மேல் தாழப் பறக்கும் சண்டையில் அதற்கு அது போதும். ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 109 கே-4 போரின் கடைசி ஆண்டு விமானம்தான், ஆனாலும் பி-51டி பூட்டப்பட்ட நேரத்திலும் அது திறந்திருப்பதைப் பார்க்கலாம். ஏறுவதில் அதை மிஞ்சுவது கடினம். தோட்டா குறைவு, வேகம் மிஞ்சினால் கட்டுப்பாடு இறுகிவிடும். லா-7 மட்டுமே ஓட்டத் தெரிந்தவர்தான் வரம்பு ஏறியதும் திட்டித் தீர்க்கிறார்.

நாடு மாறிக்கொள்வது இன்னொரு வழி, கொள்கையளவில் சிறந்த வழியும்கூட. மாறினால் மணிக்கணக்கில் திரும்ப முடியாது. அந்தக் காத்திருப்பு நேரம் ஆண்டுகள் போகப்போகப் பலமுறை மாற்றப்பட்டிருக்கிறது. ஒற்று வேலையைத் தடுக்க அது தேவைதான். ஆனால் சமன் செய்ய நினைப்பவருக்கும் அதே பூட்டு. சிறிய நாட்டுக்கு உதவப் போய், ஒரு மணி நேரத்தில் அந்த நாடே பெருத்துவிட்டால் நீங்கள் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். பெரியதிலிருந்து சிறியதுக்குப் போகிறவருக்கு மட்டும் காத்திருப்பைக் குறைத்தால் பாதிப் புகார் தீரும் என்பது எங்கள் எண்ணம். மீதிப் பாதிக்கு, வரைபடத்தில் ஏற்கெனவே வரைந்து காட்டும் அந்தக் கோடுகளைக் கொண்டே முனைவாரியாக வரம்பு போட வேண்டும்.

இணைப்பு பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அமெரிக்காவுக்குப் பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 200 மில்லிவிநாடிக்கு மேல்தான் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். சுடுபவரின் திரையில் பட்டால் பட்டதுதான் என்பது இந்த ஆட்டத்தின் விதி. ஆனால் உங்களைத் துரத்துபவர் உங்கள் திரையில் தெரிவதைவிட அவர் திரையில் நெருங்கியிருப்பார். உங்களுக்கு 400 கெஜம் என்று தெரியும்போதே திரும்பத் தொடங்குங்கள். பிங் கூடுவதைவிட ஏறி இறங்குவதுதான் கெடுதல். வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள். மாலையில் இடி இறங்கும் நாட்களில் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி வைப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதியே.

வார் தண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் வானப் போரில் இந்தப் பிரச்சினை இல்லையே என்பார்கள். உண்மை, அங்கே பக்கத்துக்கு 16 பேர் வரை இயந்திரமே பிரித்துப் போட்டுவிடும். ஆட்டம் முடிந்ததும் எல்லாம் அழிந்துவிடும், காக்க வேண்டிய முனை என்று எதுவும் மிஞ்சாது. ஒப்பிட்டுப் பயனில்லை.

களத்தில் ஆளே இல்லாத இரவுகளில் தனி அரங்கம் திறந்து நமக்குள் ஆடலாம். இரண்டே பக்கம் வையுங்கள், ஒரே முனை. ஏழு பேர் வந்தால் நால்வர் தாக்க, மூவர் காக்க. கூடுதலான அந்த நான்காமவர் போர் விமானம் எடுக்கக் கூடாது, சி-47 மட்டும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இருக்கை ஆள் மாறவேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது சுற்றில் அவர் தூக்கம் வருகிறது என்று சொல்லிக் கிளம்பிவிடுவார்.