‘டிராயிங் படி’ என்று மட்டும் எழுதிய ரசீதுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே சிறிய அரிசி ஆலை ஒன்றை நடத்திவருகிறேன். சென்ற தை மாதம், சம்பா நெல் களத்தில் குவிந்துகொண்டிருந்த நேரத்தில், உமி நீக்கும் ரப்பர் ரோல் ஷெல்லரின் தண்டு ஒன்றும் அதன் பேரிங்குகளைத் தாங்கும் இரண்டு பிராக்கெட்டுகளும் பழுதாகிவிட்டன. அவற்றைப் புதிதாகச் செய்துதருவதாக ஏற்றுக்கொண்ட ஒரு லேத் பட்டறையால் 22,000 ரூபாயையும் பதினோரு நாள் அரவையையும் இழந்தேன். ஆலையோ, அறுவடை இயந்திரமோ, பம்புசெட்டோ வைத்திருக்கும் எவரும் ஒருநாள் கையில் வரைபடத்தோடு பட்டறை வாசலில் நிற்க வேண்டிவரும் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

வரைபடத்தில் குறை இல்லை. டிப்ளமா படித்த வரைவாளர் ஒருவர் பழைய பாகங்களை அளந்து, ஏ3 தாளில் 1:2 அளவுவீதத்தில் வரைந்து கொடுத்திருந்தார். இயந்திரம் ஜப்பானிய வடிவமைப்பு என்பதால், கையேட்டில் உள்ள படங்களைப் போலவே மூன்றாங்கோண முறையில் (ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் அடுக்கும் இரு முறைகளில் ஒன்று) வரைந்து, அதற்கான குறியீட்டைத் தாளின் வலது கீழ் மூலையில் இட்டிருந்தார். பட்டறை உரிமையாளர் தாளை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, “இதுமாதிரி எத்தனையோ பார்த்தாச்சு தம்பி, கவலையே படாதீங்க” என்றார். முன்பணம் 12,000 ரூபாய். ரசீதில் ‘ஷாப்ட் 1, பிராக்கெட் 2, டிராயிங் படி’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. வரைபட எண் இல்லை, இரும்பின் வகை இல்லை. ஆறாம் நாள் பாகங்கள் வந்தபோது, பொருத்திப் பார்க்காமலேயே மீதி 10,000 ரூபாயையும் கொடுத்துவிட்டேன். அது முழுக்க என் தவறு.

பிராக்கெட்டின் உடல் 60 மி.மீ. அகலம் கொண்டது. அதன் மேல் எழும் காது பின்பக்க முகத்திலிருந்து 8 மி.மீ. மட்டுமே உள்ளே தள்ளி இருக்க வேண்டும். வந்த இரண்டிலும் அது முன்பக்க முகத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி இருந்தது. திருப்பிப் போட்டால் போயிற்று என்றார் உரிமையாளர். திருப்பினால் போல்ட் துளைகள் இடம் மாறிவிடும் என்பதை அவருக்குப் புரியவைக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. முன்தோற்றத்துக்கு வலப்புறம் வரைந்திருக்கும் பக்கத்தோற்றம், மூன்றாங்கோண முறையில் வலப்புறமிருந்து பார்த்தது; நம் ஐ.டி.ஐ.களில் பெரும்பாலும் கற்றுத்தரப்படும் முதற்கோண முறையிலோ அதே இடத்தில் இருப்பது இடப்புறமிருந்து பார்த்த தோற்றம். ஒரே படத்தை இரு முறைகளிலும் படித்தால் முன்பக்கமும் பின்பக்கமும் இடம் மாறும். இதைத் தவிர்க்கத்தான் நுனி வெட்டிய கூம்பும் இரண்டு வட்டங்களும் கொண்ட அந்தச் சிறு குறியீடு இருக்கிறது: வட்டங்கள் கூம்பின் குறுகிய முனையை அடுத்து இருந்தால் மூன்றாங்கோணம், அகன்ற முனையை அடுத்து இருந்தால் முதற்கோணம்.

அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். டிராயிங்கே தப்பு என்று பதில் வந்தது. கிரீஸ் துளை விளிம்பிலிருந்து 50 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டியது, 35 மி.மீ. தொலைவில் இருந்தது. 35 என்ற எண் என் வரைபடத்தில் எங்குமே இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பது, லேத்தின் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு ஒட்டியிருந்த நகலைப் பார்த்தபோதுதான் விளங்கியது. என் ஏ3 தாளை ஏ4 அளவுக்குச் சுருக்கி நகல் எடுத்திருந்தார்கள். அதில் குறியீடு இருந்த மூலை வெட்டுப்பட்டிருந்தது, சில எண்கள் மங்கியிருந்தன. மங்கிய இடத்தில் யாரோ தாளின் மேலேயே ஸ்கேலை வைத்து அளந்து, இரண்டால் பெருக்கியிருக்கிறார்கள். 1:2 அளவுவீதத்தில் 25 மி.மீ. ஆக இருந்த கோடு, ஏ4க்குச் சுருங்கியபோது 17.7 மி.மீ. ஆகிவிட்டது, அதன் இரு மடங்கு 35. எண் தெரியாவிட்டால் ஒரு போன் போட்டிருக்கலாம். தாளை ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம்.

தண்டின் கதை இதைவிட மோசம். 6208 பேரிங் உட்காரும் இடத்தில் 40 கே6 என்று குறித்திருந்தோம். அதாவது விட்டம் 40.002 மி.மீ.க்குக் குறையவும் கூடாது, 40.018 மி.மீ.க்கு மேல் போகவும் கூடாது. வந்த தண்டின் விட்டம் 39.94. பேரிங் கையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. “நாலு பஞ்ச் குத்தி இறுக்கிடலாம் தம்பி” என்றார். குத்திய புள்ளிகளின் மேல் உட்காரும் பேரிங் சில நாள்களில் மீண்டும் தளர்ந்து, தண்டையும் தின்றுவிடும். அந்தப் பட்டறையில் இருந்த ஒரே அளவுகருவி 0.02 மி.மீ. வரை மட்டுமே காட்டும் வெர்னியர் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். 0.016 மி.மீ. இடைவெளிக்குள் நிற்க வேண்டிய வேலையை அதைக் கொண்டு எப்படிச் சரிபார்த்திருக்க முடியும்?

இரும்பும் வேறு. வரைபடத்தில் ஈ.என். 8 (நடுத்தர அளவு கரிமம் கொண்ட எஃகு வகை) என்று தெளிவாக இருந்தது. என் பெரியப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உடைந்த பழைய தண்டையும் புதியதையும் மாற்றி மாற்றி கிரைண்டிங் கல்லில் பிடித்தார். பழையதில் பொறி கிளை கிளையாக வெடித்துப் பூத்தது. புதியதில் நீளமான கோடுகளாகப் போய், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வெடித்தது. கரிமம் குறைந்த சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பி என்றார். பொறியைப் பார்த்துச் சொல்வது உறுதியான சான்றாகாது என்பதால், இரும்புக்கான சோதனைச் சான்றிதழைப் பட்டறையில் கேட்டேன். கடைக்காரர் தரவில்லை என்றார்கள். ஈ.என். 8க்கான விலையை மட்டும் என்னிடம் வாங்கியிருந்தார்கள். மற்றவற்றை அறியாமை என்று மன்னிக்கலாம், இதை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைக் காட்டச் சொன்னார். ‘டிராயிங் படி’ என்றால் எந்த டிராயிங் என்று அதில் இல்லையே என்பது அவர் வாதம். ஆகவே ரசீதிலேயே வரைபட எண், தேதி, இரும்பின் வகை, பேரிங் இடத்தின் அளவெல்லை ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். மூலத் தாளின் ஓரத்தில் பட்டறைக்காரரின் கையொப்பத்தையும் வாங்குங்கள். நகல் எடுப்பதானால் முழு அளவில் நீங்களே எடுத்துக் கொடுங்கள். முன்பணத்தை எடுப்பதற்கு முன், காது எந்தப் பக்கம் வரும் என்று அவரையே தாளில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இறுதியில் கும்பகோணத்தில் வேறொரு பட்டறையில் அதே தாளைக் கொடுத்தேன். அங்கிருந்த இளம் டர்னர் விலை பேசுவதற்கு முன்பே வலது மூலையைப் பார்த்துவிட்டு, “தேர்ட் ஆங்கிளா அண்ணே?” என்று கேட்டார். பேரிங் உட்காரும் இடத்தைக் கிரைண்டிங் செய்ய வெளியே அனுப்ப வேண்டும், அதனால் இரண்டு நாள் கூடுதலாகும் என்றும் சொன்னார். ஐந்தாம் நாள் ஷெல்லர் ஓடியது. முதல் பட்டறையிலிருந்து இதுவரை ஒரு ரூபாயும் திரும்பவில்லை.