என்சிஐஎக்ஸில் வாங்கிய கணினி நன்றாக ஓடுகிறது, அந்தக் கடையை மட்டும் மன்னிக்க முடியவில்லை

போன வாரம் சிபியு கூலரின் விசிறி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததால் கணினியைப் பிரித்தேன். படத்தை நண்பர்கள் குழுவில் போட்டதும் ஒருவன், "மச்சான், இன்னுமா அந்த 3570கே-வை வச்சிருக்க? எங்க வாங்குன?" என்று கேட்டான் (3570கே என்பது இன்டெலின் பழைய பிராசஸர்). விசிறியை மாற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன், அதோடு சரி. மதர்போர்டு, ரேம், பவர் சப்ளை எல்லாம் 2012ல் வாங்கியவைதான். விண்டோஸ் 11 இந்தச் சிப்புக்குக் கிடையாது என்பதால் லினக்ஸ் போட்டிருக்கிறேன், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் என் வேலைக்கும் ஒரு குறையும் இல்லை. எங்கே வாங்கினேன் என்பதற்குத்தான் பதில் நீளம்.

வாங்கியது என்சிஐஎக்ஸ் என்ற கணினிக் கடையில். அது மூடிய பிறகு கனடாவுக்கு வந்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்காது. 1996ல் வான்கூவர் பக்கம் நெட்லிங்க் கம்ப்யூட்டர் என்று தொடங்கிய நிறுவனம், தலைமை இடம் ரிச்மண்ட். ஆன்லைனிலும் விற்றார்கள், பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஒன்டாரியோவிலும் கடைகளும் வைத்திருந்தார்கள். இன்று யூடியூபில் எல்லாரும் பார்க்கும் லினஸ் செபாஸ்டியன் அங்கே வேலை பார்த்தவர்தான். கடைக்காகப் பொருள்களைக் காட்டி வீடியோ எடுக்க ஆரம்பித்து, அப்புறம் வெளியே வந்து தனி நிறுவனம் தொடங்கினார்.

அந்தக் கடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது விலைப் பொருத்தம். வேறொரு கனடியக் கடையில் அதே பொருள் குறைந்த விலைக்கு இருந்தால், ஆர்டர் போடும்போதே அந்தப் பக்கத்தின் லிங்க்கைக் கொடுத்துவிடலாம். அங்கே உண்மையிலேயே ஸ்டாக் இருக்கிறதா என்று ஓர் ஆள் பார்த்துவிட்டு அதே விலைக்குத் தருவார்கள். மதர்போர்டுக்கு ஒரு கடை, ரேமுக்கு ஒரு கடை, எஸ்எஸ்டிக்கு இன்னொன்று என்று சல்லிசான விலைகளையெல்லாம் தேடிப் பிடித்து, மொத்தத்தையும் ஒரே பில்லில் போட்டு, ரிச்மண்ட் கடைக்கே போய் வாங்கி வந்தேன். ஐந்து டாலர் மிச்சத்துக்காக ஐந்து கடைகளிடம் வாங்கிவிட்டு, கணினி உயிர் பெறாதபோது எந்தப் பாகம் கெட்டது, எந்தக் கடைக்கு ஓடுவது என்று முழித்தவர்களுக்குத்தான் அந்த ஒரே பில்லின் அருமை தெரியும். இப்போது நான் போகும் கடை ஒன்று, பெயர் வேண்டாம், மாடல் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட முடியாது என்கிறது.

இந்தத் தொழிலில் ரேமிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் லாபம் ஏற்கெனவே நூலளவுதான். 2008ல் நியூஎக் என்ற அமெரிக்க ஆன்லைன் கணினிக் கடை கனடாவுக்கு வந்தது, அமேசான் வேறு வளர்ந்துகொண்டே போனது. அவர்கள் விலைக்கு இறங்கிக்கொண்டே கடை வாடகையும் ஆள் சம்பளமும் கொடுப்பது எத்தனை நாளைக்கு நடக்கும்? நான் கொண்டாடிய சலுகையே அவர்களுக்குச் சுமையாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 2017ல் ஒன்டாரியோ கடைகளை மூடினார்கள், டிசம்பரில் திவால். ஊழியர்களை நினைத்து உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

அந்த வருத்தம் 2018 செப்டம்பர் வரைக்கும்தான். என்சிஐஎக்ஸின் பழைய சர்வர்கள் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளத்தில் விற்பனைக்கு வந்திருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் பார்த்து, வாங்குகிறவர்போல நேரில் போய்த் திறந்து பார்த்திருக்கிறார். வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன் நம்பர், யார் எந்தத் தேதியில் என்ன வாங்கினார்கள் என்ற விவரம், பல பேரின் கிரெடிட் கார்டு எண்கள் அப்படியே எழுத்தாக. பாஸ்வேர்டுகளை மறைக்க எம்டி5 என்ற பழைய, பலவீனமான முறை, அதுவும் சால்ட் என்ற கூடுதல் எழுத்துகளைச் சேர்க்காமல். சாதாரண கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வைத்து அதை உடைத்துவிடலாம், அந்தக் கார்டை விற்ற கடைக்கு இது தெரியாதா? ஊழியர்களின் சமூகக் காப்பீட்டு எண்கள்கூட அந்த டிஸ்க்குகளில் இருந்தன. போலீஸ் விசாரணை, வழக்கு என்று அப்புறம் நடந்தது.

வாடகை பாக்கியால் கிடங்கிலேயே மாட்டிக்கொண்ட பொருள்கள் அவை, திவாலான கம்பெனியில் யார் போய் டிஸ்க்கை அழிப்பார்கள் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். சரி, கடைசி மாதங்களின் குழப்பத்தை அந்தக் கணக்கில் விட்டுவிடலாம். ஆனால் என்க்ரிப்ட் செய்யாமல் அள்ளி வைத்தது கடை ஜேஜே என்று ஓடிய காலத்தில். அப்போது பணம் இருந்தது, விஷயம் தெரிந்த ஆள்கள் இருந்தார்கள், எஸ்எஸ்டியையும் சர்வரையும் விற்பதே தொழிலாக இருந்தது. கார்டு எண்ணை வருஷக்கணக்கில் அப்படியே வைத்திருக்க எந்த அவசியமும் இல்லை. என்னிடம் ஒரு டாலர்கூட ஏமாற்றாத கடை, கவுண்டரில் பொறுமையாகப் பதில் சொன்ன பையன்கள், எல்லாம் நினைவிருக்கிறது. அவ்வளவு நல்லவிதமாக நடத்தியவர்கள் இதைச் செய்தார்கள் என்பதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

அங்கே வாங்கிய பாகங்களுக்கு ஐந்துக்கு ஐந்து. விலைக்கும் அப்படியே. கடைக்கு ஒன்று. நாளைக்கே அதே பெயரில், அதே விலைப் பொருத்தத்தோடு மறுபடி திறந்தாலும் என் கார்டு எண்ணைக் கொடுக்க மாட்டேன்.