உப்புத் தண்ணீரும் மல்லிகைக் குழியில் போட்ட ஜெல்லும்: மூன்று வருஷ அனுபவம்

தண்ணீரை உறிஞ்சிவைத்து வேருக்குக் கொடுக்கும் ஜெல் பாக்கெட்டில் ‘தன் எடையைப் போல 300 மடங்கு தண்ணீர் பிடிக்கும்’ என்று போட்டிருந்தது. அது பொய் இல்லை. எந்தத் தண்ணீரை என்பதைத்தான் போடவில்லை.

திருமங்கலம் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் குண்டுமல்லி. நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். தோட்டம் அம்மா, மச்சான் பொறுப்பு. 2021 ஆடியில் புதுப் பதியன் வைத்தபோது 300 குழிகளில், குழிக்கு 5 கிராம் வீதம் அந்த ஜெல்லை (வேதிப்பெயர் பொட்டாசியம் பாலிஅக்ரிலேட்) போட்டோம். கோடையில் தண்ணீர் கட்டும் இடைவெளியை இரண்டு மூன்று நாள் கூட்டிவிடலாம் என்பது கணக்கு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணைக் கிளறினால் நுங்குத் துண்டு மாதிரி கண்ணாடியாய்க் கிடந்தது. மனசு நிறைந்துபோனது. சித்திரை வந்தது. ஜெல் போட்ட செடி, போடாத செடி எல்லாம் ஒரே நாளில் வாடின. ஒரு குழியைத் தோண்டினேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள், வெள்ளை பாய்ந்து, ரப்பர் போல. விரலில் வைத்து நசுக்கினால் ஈரம்கூடக் கசியவில்லை.

அன்றிரவே மூன்று பாத்திரங்களில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் ஜெல் போட்டேன். பிடித்துவைத்திருந்த மழைத்தண்ணீரில் போட்டது காலையில் 280 கிராம். லிட்டருக்கு 5 கிராம் சமையல் உப்பு கலந்ததில் 60. மூன்றாவது எங்கள் போர் தண்ணீர். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1900 காட்டும், கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு தட்டும். ஒரு மணி நேரத்தில் 90 கிராம் வரை ஊதியிருந்தது, விடிந்தபோது 40. அம்மாதான் முதலில் பார்த்தார்: “ராத்திரி பெருசா இருந்துச்சேப்பா, காலையில சிறுத்துப்போச்சு?”

காரணம் இது. ஜெல் என்பது நீண்ட இழைகள் பின்னிய வலை. இழை நெடுக எதிர்மின்னேற்றம் ஒட்டியிருக்கிறது. அதைச் சமன்செய்யும் பொட்டாசியம் அயனிகள் (நேர்மின்னேற்றம் உள்ள துகள்கள்), அவற்றின் இடத்துக்கு வேறு நேர்மின் அயனி வந்தால் ஒழிய, ஜெல்லை விட்டு வெளியேற முடியாது. அதனால் உள்ளே அயனிச் செறிவு அதிகம், வெளியே குறைவு. அந்த வித்தியாசம்தான் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. இழுப்பும் வலையின் இறுக்கமும் சமமாகும் இடத்தில் வீக்கம் நிற்கும். 1943-இல் ஃப்ளோரி, ரேனர் என்ற வேதியியலாளர்கள் எழுதிய சமன்பாட்டின் அடிப்படை இந்தச் சமநிலைதான். வெளித்தண்ணீரில் உப்பு ஏற ஏற வித்தியாசம் குறையும், இழைகள் ஒன்றையொன்று தள்ளும் விசையும் மங்கும். சோடியம் செய்வது இவ்வளவே.

எங்கள் போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் இன்னும் ஒரு படி மேலே போகும். இரட்டை நேர்மின்னேற்றம் உள்ள அயனி பக்கத்துப் பக்கத்து இழைகளைச் சேர்த்துக் கட்டிவிடும். முதலில் தண்ணீர் வேகமாக உள்ளே போகும், பின்னாலேயே கால்சியம் போய்ப் பொட்டாசியத்தை வெளியேற்றிவிட்டு முடிச்சுப் போடும். அம்மா பார்த்தது அதைத்தான்.

உப்புத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் ஊறிய ஜெல் இரண்டையும் மழைத்தண்ணீரில் பல தடவை அலசினேன். சமையல் உப்பில் கிடந்தது மறுபடி நன்றாகவே ஊதியது. போர் தண்ணீரில் கிடந்தது அசையவில்லை. எனக்கு நெஞ்சை உறுத்துவது இதுதான்: ஒரு கோடை போர் தண்ணீர் பாய்ந்தால், அடுத்த மழையும் அந்த ஜெல்லைப் பழையபடி மீட்டுத் தராது. அடுத்த இரண்டு வருஷமும் மழைக்குப் பிறகு தோண்டிப் பார்த்தேன். முதல் வருஷத்து நுங்கு திரும்பவே இல்லை.

நானே ஒரு தப்பும் செய்திருக்கிறேன். சொட்டுநீரில் கால்சியம் நைட்ரேட் விட்டுக்கொண்டிருந்தேன். ஜெல் உள்ள இடத்தில் அதை விடக் கூடாது. யூரியாவுக்கு மின்னேற்றம் இல்லாததால் கரைசலாக இருக்கும்வரை வீக்கத்தைப் பெரிதாகக் குறைக்காது; மண்ணில் அமோனியமாக மாறிய பிறகு அதுவும் உப்புக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஜெல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதியன் பைகளில் மழைத்தண்ணீர் மட்டும் ஊற்றுகிறோம், அங்கே மூன்று வருஷமும் நல்ல பலன். மச்சான் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் தெளிக்கிறார். வயலில் இப்போது தொழுவுரமும் தென்னை மட்டை மூடாக்கும்தான். வாங்க நினைப்பவர்கள் ஒரு கிராமை உங்கள் போர் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் எடை போடுங்கள். முதல் மணி நேரத்து எடையை நம்பவேண்டாம். நான் இந்த ஆடிக்கும் அரைக் கிலோ வாங்குவேன், பைகளுக்கு மட்டும்.