அருங்காட்சியகத்தில் போன்: ஆடியோவா, கியூஆரா, விளையாட்டா?

பெங்களூரு அல்சூரிலிருந்து அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கஸ்தூர்பா சாலைக்கு அடிக்கடி போவேன். 1865-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம், 1962-ல் வந்த விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், 2023-ல் திறந்த மேப் என்ற கலை, புகைப்பட அருங்காட்சியகம் என மூன்றும் அந்த ஒரே சாலையில்தான். போனைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் பொருளைப் பார்க்கிறார்களா, போனைப் பார்க்கிறார்களா? எனக்கு அந்தக் கணக்குதான் முக்கியம்.

ஆடியோ வழிகாட்டி பழைய ஆள். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் 1952-லேயே வந்துவிட்டது. காது கேட்கும், கண் பொருளின் மேல் இருக்கும். தனியாகப் போகும் பெரியவருக்கு இதைவிட நல்லது இல்லை. பிள்ளைகளோ மூன்றாவது சிலையிலேயே இயர்போனைக் கழற்றிவிடுவார்கள்.

கியூஆர் மலிவு. இங்கே சுவரில் கன்னடமும் ஆங்கிலமும்தான் இருக்கும், கியூஆருக்குப் பின்னால் தமிழையும் வைக்கலாம். ஆனால் சிலை எதிரே நிற்க, நாம் குனிந்து திரையைப் படிப்போம். ஓரிடத்தில் தடித்த சுவருக்குள் சிக்னலே இல்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, சின்னவன் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போய்விட்டான்.

விளையாட்டு என்றாலே நல்லது என்று சொல்லிவிட முடியாது. நிஜ இடங்களில் நடந்து போனில் பொம்மை உயிரினங்களைப் பிடிக்கும் போக்கிமான் கோ 2016-ல் வந்தபோது, தயவுசெய்து இங்கே ஆடாதீர்கள் என்று, யூத இனப்படுகொலையை நினைவுகூரும் வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகம் கேட்க வேண்டி வந்தது. அந்த ஆட்டத்துக்கு இடம் போதும், அங்கே என்ன இருக்கிறது என்பது வேண்டாம். நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகம் 2017-ல் சொந்தமாகவே ஒரு கேம் வெளியிட்டது. வீட்டிலேயே ஆடலாம். ஆளை வாசல்வரை இழுக்க நல்ல வழி, உள்ளே வந்தபின் பார்க்க வைப்பது வேறு வேலை.

என் ஓட்டு புதையல் வேட்டைக்கு. செயலிகூட வேண்டாம், வாட்ஸ்அப் போதும். அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர் நடுகல் இருக்கிறது. "நாயும் பன்றியும் சண்டை போடும் கல்லைக் கண்டுபிடி, நாய் எந்தப் பக்கம்?" என்று அனுப்பினேன். இருவரும் கல் கல்லாகக் குனிந்து தேடினார்கள். கண்டதும் பெரியவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாயின் பெயர் காளி, பன்றியோடு மோதி இரண்டும் செத்தன என்றேன். அதே கல்லில்தான் 949-ல் தக்கோலத்தில் கங்க மன்னன் பூதுகன் சோழ இளவரசன் ராஜாதித்தனைக் கொன்ற செய்தியும் இருக்கிறது. நம் ஊரில் யானைமேல் துஞ்சியவர், அதாவது யானை மேலேயே உயிர்விட்டவர் என்பார்களே, அந்த ராஜாதித்தன்தான்.

"தக்கோலம் எங்க சித்தி?"

"அரக்கோணம் பக்கத்துல."

"நம்ம ரயில் போற அரக்கோணமா!"

விஸ்வேஸ்வரய்யாவில் இதெல்லாம் வேண்டாம். கைப்பிடியைச் சுற்றவும் பொத்தானை அழுத்தவும் இரண்டு கையும் வேண்டும், போன் பையிலேயே இருக்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும், வேட்டைக்குக் கேள்வி தயாரிக்க ஒருவர் முன்னாடியே போய்ப் பார்த்துவர வேண்டும். முதல் தடவை பத்துக் கேள்வி வைத்தேன். ஆறாவதுக்குப் பிறகு எதையும் பார்க்காமல் ஓட்டப்பந்தயம்தான். இப்போது நான்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.