ஸ்பாஞ்சுக் கருப்பை: ஒரு பயிற்சி மாதிரியின் மதிப்பீடு

தருமபுரியில் மகப்பேறு மருத்துவராகப் பணிபுரியும் நான், கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சையில் இளம் மருத்துவர்களுக்குக் கைப்பழக்கம் வர வேண்டும் என்பதற்காக, ஸ்பாஞ்சு, துணி, பிவிசி குழாய் ஆகியவற்றால் ஆன மாதிரி ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கி இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

இதன் பெரும் சிறப்பு, சிறுநீர்க்குழாயைக் காட்டியிருக்கும் விதம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் அந்தக் குழாய், கருப்பை வாயிலிருந்து ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தள்ளி, பாலத்தின் கீழ் ஓடும் ஆறுபோலக் கருப்பைத் தமனிக்கு அடியில் கடந்து செல்வதால், தமனியைக் கிளாம்ப் கொண்டு பிடிக்கும்போது கை சற்று விலகினாலும் அதுவும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மாதிரியில் தமனிக்குச் சிவப்பு ரப்பர் குழாயும் சிறுநீர்க்குழாய்க்கு மஞ்சள் குழாயும் வைத்துத் துணியால் மூடியிருக்கிறார்கள்; முடிச்சுப் போட்டபின் மஞ்சள் குழாயில் சிரிஞ்சால் தண்ணீர் செலுத்தினால் தவறு உடனே தெரிந்துவிடுகிறது. நோயாளியின் உடலில் சில வேளைகளில் நாள்கள் கழித்தே வெளிப்படும் பிழையை மேசையிலேயே கண்டு திருத்திக்கொள்ள முடிவது மிகப் பெரிய பேறு.

குறைகளும் உண்டு. நூலை இறுக்கினால் ஸ்பாஞ்சு எளிதில் கிழிகிறது. இரத்தக் கசிவைக் காட்ட வழியில்லை. உதிரிக் கருப்பைகளை விற்பனையாளர் மூன்று வாரம் தாமதமாகவே அனுப்பினார். அதுவரை உள்ளூர் மெத்தைக் கடையில் வெட்டுத்துண்டுகளை வாங்கி நாங்களே ஒட்டிக்கொண்டோம்; அவை அசலைவிட உறுதியாகவே இருந்தன.

சிறு துளைகள் வழியே கேமரா செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி பழக இது உதவாது. வயிற்றைத் திறந்து செய்யும் முறையைக் கற்கத் தொடங்கும் முதுநிலை மாணவர்கள், மூத்த மருத்துவர் ஒருவர் அருகிலிருந்து பார்க்க முடியுமானால், தயங்காமல் வாங்கலாம்.