ஓவியங்களைப் படமெடுக்க முதல் கேமரா: கேனன் 200டி, நிக்கான் டி3300, சோனி ஏ6000

ஓவியம் அசையாது, ஓடாது. வெளிச்சத்தையும் நாம்தான் வைக்கிறோம். அதனால் கேமரா விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருபவற்றில் பாதி இந்த வேலைக்குத் தேவையே இல்லை. நொடிக்கு 11 படம், இருட்டிலும் எடுக்கும் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்), 4கே வீடியோ, இவற்றுக்கெல்லாம் காசு கொடுக்க வேண்டாம். ரா கோப்பு (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் கையால் அமைக்க முடிய வேண்டும், ஃபோகஸைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்க முடிய வேண்டும். இந்த மூன்றும் பத்து வருடப் பழைய கேமராவிலேயே இருக்கின்றன. நான்காவது தேவை, நேர்கோட்டை வளைக்காத லென்ஸ். அது பாடியோடு (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) வருவதில்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். ஆகவே கையில் இருக்கும் தொகையில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகக் கூடாது. மீதி லென்ஸுக்கும் ட்ரைபாடுக்கும் விளக்குக்கும் வேண்டும்.

மெகாபிக்சல் கவலையை முதலில் தீர்த்துவிடலாம். இங்கே பார்க்கும் மூன்று கேமராக்களும் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு) சென்சார், 24 மெகாபிக்சல் வகை. படம் 6000 × 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 20 × 13.3 அங்குலம் வரும். அட்டைக்கும் பட்டியல் புத்தகத்துக்கும் நடுத்தர அளவு பிரிண்டுக்கும் இது தாராளம். அதற்கு மேல் வேண்டுமானால் ஓவியத்தைப் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

போன் போதாதா? இணையத்தில் போட மட்டும் என்றால் போதும். அச்சுக்குப் போகும்போதுதான் அதன் குறை தெரியும். போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் என்பதால் ஓவியத்துக்கு மிக அருகில் போக வேண்டியிருக்கும். அங்கே கை கொஞ்சம் சாய்ந்தாலும் சட்டம் சரிவகமாகிவிடும். போதாக்குறைக்கு மென்பொருள் தானாகவே நிழலை ஏற்றி ஓரங்களைக் கூராக்கும். நீர்வண்ணத்தில் மெல்லக் கரைந்து போகும் விளிம்பைச் சுற்றி வெளிர் கோடு விழுவது அதனால்தான்.

கேனன் இஓஎஸ் 200டி 2017இல் வந்தது. கணினியோடு இணைத்து எடுக்க நினைப்பவருக்கு இதுதான் முதல் தேர்வு. கேனனின் இஓஎஸ் யூட்டிலிட்டி மென்பொருள் இலவசம். யுஎஸ்பி கேபிளைச் செருகினால் படம் கணினித் திரையில் நேரலையாக வரும். அங்கேயே பெரிதாக்கி, ஃபோகஸைச் சரிபார்த்து, கேமராவைத் தொடாமல் கிளிக் செய்யலாம். தொடாவிட்டால் ஆட்டமும் இல்லை. திரை வெளியே திரும்பும் என்பதால், காகித ஓவியத்தை மேசையில் விரித்து மேலிருந்து எடுக்கும்போது கழுத்தை வளைக்க வேண்டியதில்லை.

இதற்கு ஏற்ற லென்ஸ் கேனன் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம். (எஃப் எண் லென்ஸ் துளையின் அளவைச் சொல்வது, எண் கூடினால் துளை சிறிதாகும்.) விலையில் எளியது, இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்தும். வாங்கும் முன் அறையை ஒருமுறை அளந்து பாருங்கள். 90 செ.மீ. அகல ஓவியம் முழுதும் அடங்க இந்த லென்ஸுக்குச் சுமார் 2.1 மீட்டர் தூரம் வேண்டும், ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டால் 2.3 மீட்டர். ஏ4 தாளுக்கு முக்கால் மீட்டர் போதும். லென்ஸ் நெருங்கக்கூடிய எல்லை 35 செ.மீ., அப்போது ஏறக்குறைய 10 செ.மீ. அகலப் பரப்பு படம் முழுதும் நிறையும். அதைவிடச் சிறிய நுண்ணோவியத்துக்கு, மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ்தான் வழி. அறை சிறியது, ஓவியம் பெரியது என்றால் கூட வரும் 18-55 கிட் லென்ஸையே 35 மி.மீ.க்கு மேல் வைத்து எடுக்கலாம். 18 மி.மீ.க்குப் போகவே வேண்டாம், சட்டத்தின் ஓரங்கள் பீப்பாய் போல வெளியே வளைந்துவிடும்.

நிக்கான் டி3300 2014இல் வந்தது, மூன்றில் எளியது. இதன் சென்சார்மேல் லோ-பாஸ் ஃபில்டர் (நுண்விவரத்தைச் சற்றே மழுக்கும் படலம்) இல்லாததால் தூரிகையின் இழைவரை கூர்மையாக வரும். அதே காரணத்தால் கான்வாஸ் நெசவில் சில நேரம் வானவில் அலைகள் போல மோயரே விழும். விழுந்தால் கேமராவைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துங்கள், பெரும்பாலும் போய்விடும். இதற்கு அடுத்து வந்த டி3400, டி3500 இரண்டிலும் சென்சாரை அதிர வைத்துத் தூசி உதறும் வசதியை எடுத்துவிட்டார்கள். ஓவியத்தை எஃப்/8, எஃப்/11இல்தான் எடுக்கிறோம், தூசி புள்ளியாகத் தெரிவதும் அங்கேதான். புதிய மாடலை விட்டு டி3300ஐத் தேடச் சொல்வது இதனால்தான். குறைகளும் உண்டு: திரை திரும்பாது, கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியைப் படமெடுக்கும் முன்பே தூக்கி நிறுத்தும் வசதி (அதிர்வைக் குறைக்க) இல்லை, பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஏஎஃப்-எஸ் என்று எழுதிய, மோட்டார் உள்ளேயே இருக்கும் லென்ஸ் வாங்கினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். சிறிய ஓவியம் எடுப்பவருக்கு ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் மைக்ரோ 40 மி.மீ. எஃப்/2.8 அருமையான துணை. ஒன்றுக்கு ஒன்று அளவுவரை, அதாவது பொருள் சென்சாரில் அதே அளவில் விழும்வரை நெருங்கும்.

சோனி ஏ6000, இதுவும் 2014. கண்ணாடியே இல்லாத கேமரா என்பதால் அது எழுந்து விழும் அதிர்வும் இல்லை. கூட வரும் 16-50 மடக்கு லென்ஸை மட்டும் ஓவியத்துக்கு நம்ப வேண்டாம். அதன் வளைவை மென்பொருள்தான் நிமிர்த்துகிறது, நிமிர்த்தும்போது மூலைகள் இழுபட்டு மங்கும். பதிலாக ஒரு அடாப்டர் போட்டுப் பழைய மேனுவல் லென்ஸ் மாட்டலாம். மைக்ரோ-நிக்கார் 55 மி.மீ. கிடைத்தால் விடாதீர்கள். அந்த வரிசையின் முதல் லென்ஸ் 1956இல் ஜப்பானிய எழுத்துகளை மைக்ரோஃபிலிமில் நகலெடுக்கவே செய்யப்பட்டது. தட்டையான பரப்பை மூலைவரை கூர்மையாகப் பிடிப்பதே அதன் பிறவிக்குணம்.

எதை வாங்கினாலும் அமைப்பு ஒன்றுதான்: ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ரா, மேனுவல், 2 நொடி செல்ஃப் டைமர். எஃப்/16ஐத் தாண்டினால் கூர்மை கூடாது, குறையும். ட்ரைபாடில் வைத்ததும் லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) அணைத்துவிடுங்கள். எல்இடி விளக்கில் ஷட்டர் வேகம் அதிகமானால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும். ட்ரைபாட் இருக்கும்போது அரை நொடி, கால் நொடி வைத்தால் என்ன குறை?

கேமரா ஓவியத்துக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன முகக்கண்ணாடி போதும். அதை ஓவியத்தின் நடுவில் தட்டையாகப் பிடியுங்கள், பூச்சைத் தொடாமல். திரையில் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிந்தால் கேமரா நேராக நிற்கிறது. பிம்பம் இடப்பக்கம் ஒதுங்கினால் அந்த அளவுக்குச் சாய்வு இருக்கிறது என்று அர்த்தம். பிறகு மென்பொருளில் சட்டத்தை இழுத்து நிமிர்த்துவதைவிட இந்த ஒரு நிமிடம் மேல்.

விளக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே வகை விளக்கு இரண்டு, சிஆர்ஐ (நிறங்களை உண்மையாகக் காட்டும் திறன்) 95க்கு மேல், ஓவியத்தின் இரு பக்கமும் 45 டிகிரியில், சம தூரத்தில். ஜன்னல் வெளிச்சம் கலந்தால் ஒரு பக்கம் நீலம் ஏறும், ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடுங்கள். ஓவியம் இருக்கும் இடத்தில் வெள்ளைத்தாளை வைத்து ஒரு படம் எடுத்து, நடுவையும் நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். மூன்றில் ஒரு ஸ்டாப்புக்கு (ஒளி இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்) மேல் வித்தியாசம் இருந்தால் விளக்கைப் பின்னுக்கு நகர்த்துங்கள். வெள்ளை எது என்று கேமரா தானே முடிவுசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸ் இங்கே எதிரி. சிவப்பு நிறைந்த ஓவியத்தைப் பார்த்ததும் அது நீலத்தை ஏற்றிவிடும். கிரே கார்டை (நிறச் சாயலில்லாத சாம்பல் அட்டை) ஓவியத்தின் இடத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, அதைக்கொண்டே எல்லாவற்றையும் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் கோபால்ட் நீலம் ஊதாப் பக்கம் சாய்ந்தால் கேமரா பழுது என்று நினைக்க வேண்டாம். அந்த நிறமி, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அடர் சிவப்பு ஒளியையும் நிறையத் திருப்பி அனுப்பும், சென்சார் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு நிறத்தை மட்டும் கையால் திருத்த வேண்டும்.

வார்னிஷ் பூசிய எண்ணெய் ஓவியத்தில் கோணத்தை எப்படி மாற்றினாலும் தூரிகை மேடுகளில் வெள்ளைப் பொட்டுகள் மின்னும். இரு விளக்குகளின் முன்னும் போலரைசர் தாளை (ஒரு திசை ஒளி அலைகளை மட்டும் விடும் வடிகட்டி) ஒரே திசையில் மாட்டி, லென்ஸில் வட்டப் போலரைசரைப் போட்டுத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் பொட்டுகள் அணைந்து கறுப்பு ஆழமாகும். ஆனால் முழுதாக அணைத்தால் ஓவியம் பிளாஸ்டிக் பிரிண்ட் போல உயிரற்றுப் போகும். பூச்சின் தடிமன் தெரியும் அளவுக்குக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பி விடுங்கள்.

செகண்ட்-ஹேண்டாக வாங்கும்போது எஃப்/22 வைத்து, ஃபோகஸை விலக்கி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலான புள்ளி இருந்தால் தூசி, துடைத்தால் போகும். நூலிழை போலக் கூரான கோடு ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருந்து, துடைத்தும் போகாவிட்டால் அது கீறல், அந்தப் பாடி வேண்டாம். நிக்கானில் எத்தனை முறை ஷட்டர் ஓடியது என்பது படக் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். டி3300இன் ஷட்டர் 1,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது, பாதிக்கும் கீழே ஓடியது என்றால் தாராளமாக வாங்கலாம். லென்ஸ் மாட்டும் வளையம் ஆடுகிறதா, யுஎஸ்பி துளை தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கணினியோடு இணைத்தே எடுக்கப்போகிறவருக்கு அந்தத் துளைதான் தினமும் தேயும் இடம்.